புகையிலைக்கு விலை வைப்பது யார்?

(மூலக்கொத்தளத்தில் இளைஞர்களுக்கும் வணிகர்களுக்குமாக நம் கிளை நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காகச் சில இடங்கள் விரித்து எழுதப்பட்டுள்ளன.)

  

2026 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து சிகரெட்டின் மீது புதிய வரி வந்திருக்கிறது. ஆயிரம் சிகரெட்டுக்கு, அதன் நீளத்தைப் பொறுத்து 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை கலால் வரி. அதற்கு மேல் 40 சதவீத ஜி.எஸ்.டி. இதைப் பற்றி நம் தெருவில் இரண்டு விதமாகப் பேசிக் கொள்கிறார்கள். "ஹஸ்ரத், விலை ஏறிப் போச்சு, இனிமே பசங்க தன்னால விட்டுடுவாங்க" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். "ஒருத்தனும் விட மாட்டான் ஹஸ்ரத், சில்லறைக்கு நம்மகிட்ட சண்டைக்குத்தான் வருவான்" என்று கடைக்காரச் சகோதரர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது நம் கடை மேசைக்குக் கீழே இருக்கிறது! அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் பெரியவர்களின் பேச்சை எடுத்துக் கொள்வோம். விலை ஏறினால் புகைப்பது குறையுமா? குறையும். இது பல நாடுகளில் பல ஆண்டுகள் பார்த்துச் சொல்லப்பட்ட கணக்கு. விலை 10 சதவீதம் கூடினால், பணக்கார நாடுகளில் விற்பனை சுமார் 4 சதவீதமும், நம்மைப் போன்ற நாடுகளில் சுமார் 5 சதவீதமும் குறைகிறது. அதிலும் யார் முதலில் நிறுத்துகிறார்கள் தெரியுமா? இளைஞர்களும் ஏழைகளும்தான். சம்பாதிக்காத பையனுக்குப் பத்து ரூபாய் பெரிய பணம். இன்னும் பழக்கம் இறுகாதவன் விலையைக் கேட்டுத் திரும்பிப் போய்விடுகிறான். ஆகவே, 'வரி போட்டால் ஒன்றும் நடக்காது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்வதில் லாபம் உள்ளவர் யாரென்று பாருங்கள்.

ஆனால் நம் நாட்டில் நடந்தது என்ன? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகு எட்டு ஆண்டுகள் சிகரெட்டின் மீதான வரியில் சொல்லிக் கொள்ளும்படியான மாற்றம் இல்லை. இடையில் இரண்டு முறை சிறிய ஏற்றம், அவ்வளவுதான். அரிசி விலை ஏறியது, சிலிண்டர் விலை ஏறியது, வாடகை ஏறியது. கூலியும் ஓரளவு ஏறியது. சிகரெட் வரி மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றது. விற்கும் விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. நம் நாட்டில் அந்த ஆண்டுகளில் சிகரெட்டில் அது ஏறக்குறைய 53 சதவீதம். பீடியில் 22 சதவீதம்தான்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனி ஐ.டி.சி. அதன் மிகப் பெரிய பங்குதாரர் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. அதற்கு அடுத்தாற்போல் பெரும் பங்கு வைத்திருப்பது நம் எல்.ஐ.சி. ஒரு கையால் பெட்டியின் மீது புற்றுநோய்ப் படத்தை அச்சிடச் சொல்கிறார்கள், மறு கையால் பங்கு லாபம் வாங்குகிறார்கள். பெட்டியின் 85 சதவீதம் அந்தப் படம்தான். மீதி 15 சதவீதத்தில் வியாபாரம் நடந்து கொண்டே இருக்கிறது!

தப்பிக்கும் வாசல்கள்

இனி கடைக்காரர்களின் பேச்சுக்கு வருவோம். 'ஒருத்தனும் விட மாட்டான்' என்று அவர்கள் சொல்வது ஏன்? அவர்கள் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள். விலை ஏறியவுடன் பையன் கடையை விட்டுப் போவதில்லை. அதே கடையில் வேறு சரக்கைக் கேட்கிறான். அரசாங்கம் ஒரு வாசலை அடைத்தால் நான்கு வாசல்கள் திறந்து கிடக்கின்றன.

முதல் வாசல், சில்லறைச் சிகரெட். பத்து சிகரெட் உள்ள பெட்டிக்கு விலை அச்சிட்டிருக்கிறது. ஆனால் நம் பகுதியில் பெட்டியாக வாங்குபவர் எத்தனை பேர்? பேசின் பிரிட்ஜ் பக்கம் லோடு இறக்கும் தொழிலாளியும், காசிமேட்டில் வலை இழுத்துவிட்டு வருபவரும், துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி டிரைவரும் ஒன்று, இரண்டு என்றுதான் வாங்குகிறார்கள். வரியின் அடி அவர்கள் கைக்கு மொத்தமாக விழாமல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒன்றைப் பற்ற வைத்து இருவர் இழுத்தால் பாதி விலை. அச்சிட்ட எச்சரிக்கைப் படமும் பெட்டியோடு கடையிலேயே தங்கி விடுகிறது, பையன் அதைப் பார்ப்பதே இல்லை. இந்தக் கொடுமையால்தான் மகாராஷ்டிர அரசு 2020-இல் சில்லறையாக விற்பதற்குத் தடை போட்டது.

வரி நீளத்தைப் பார்த்துப் போடப்படுகிறது என்றேன் அல்லவா? கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 65 மில்லி மீட்டருக்கு உட்பட்டால் வரி குறைவு என்று வைத்தவுடன், 64 மில்லி மீட்டரில் ஒரு சிகரெட்டை இறக்கி விட்டார்கள். ஒரு மில்லி மீட்டரில் சட்டத்தைத் தாண்டிக் குதித்து விட்டார்கள்! பள்ளிக்கூடத்துப் பையனின் பாக்கெட் மணிக்கு ஏற்ற சிகரெட் அதுதான்.

இரண்டாவது வாசல், பீடி. இதைப் பேசும்போது நம் சமுதாயம் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும். நெளிந்தாலும் பேசத்தான் வேண்டும். சிகரெட்டின் வரியை ஏற்றிய அதே நாளில் பீடியின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பீடித் தொழிலாளியைக் காப்பாற்ற என்று காரணம் சொல்கிறார்கள். அந்தத் தொழிலாளி யார்? மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் குடியாத்தத்திலும் முறத்தை மடியில் வைத்துக் கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டும் நம் தாய்மார்கள், சகோதரிகள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கம்பெனிக்காரர் கழித்துப் போட்டால் அந்த உழைப்பு வீண். நாள் முழுவதும் மூக்கில் ஏறுவது புகையிலைத் தூள். வரியைக் குறைத்தால் அந்த முறத்துக்கு எத்தனை ரூபாய் கூடும்? அந்தப் பெண்களின் மருத்துவத்துக்கும், வீட்டுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் என்று பீடியின் மீது தனியாக ஒரு நல வரி வசூலித்து வந்தார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதை எடுத்து விட்டார்கள். உண்மையிலேயே அவர்கள் மீது அக்கறை இருந்தால் அதையல்லவா திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்? தொழிலாளியின் பெயரைச் சொல்லி முதலாளிக்குச் சலுகை கொடுக்கிறார்கள். முதலாளிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதற்காக நான் இதை மெதுவாகச் சொல்ல முடியாது.

எண்ணிக்கையையும் பாருங்கள். 2016-17-இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி நாட்டில் வயது வந்தவர்களில் 28.6 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய 26 கோடியே 70 லட்சம் பேர், ஏதாவது ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். சிகரெட் பிடிப்பவர் 4 சதவீதம்தான். பீடி 7.7 சதவீதம். வாயில் போட்டு மெல்லுபவரும் அடக்கிக் கொள்பவரும் 21.4 சதவீதம்! பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருவது சிகரெட் விலை. பெரிய கூட்டம் நிற்பதோ வேறு வாசலில்.

அதுதான் மூன்றாவது வாசல். தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா முதலியவற்றுக்கு 2013 மே மாதம் தடை வந்தது. ஆண்டுதோறும் நீட்டித்து வந்தார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தடை இருக்கிறது. சரக்கு இல்லையா? ஹான்ஸ் என்று கேட்டால் கிடைக்கிறது, கூல் லிப் என்று கேட்டால் கிடைக்கிறது. பாக்குச் சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து கசக்கிய மாவா, வடசென்னையில் கேட்பவனுக்குக் கிடைக்காத நாள் உண்டா? பள்ளி மாணவர்களின் வாயில் கூல் லிப் இருப்பதைப் பற்றி 2024-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

தடை செய்த பொருளுக்கு அச்சிட்ட விலை என்பது வெறும் அலங்காரம். உறையில் இருப்பதைப் போலப் பல மடங்குக்கு விற்கிறது. அந்தக் கூடுதல் பணத்தில் அரசுக்கு ஒரு பைசா வரியில்லை, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டில் வாங்க உதவாது. அது யாருக்குப் போகிறது? 2016 ஜூலையில் நமக்கு வடமேற்கே செங்குன்றம் பகுதியில் ஒரு குட்கா வியாபாரியின் இடங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது. யார் யாருக்கு எவ்வளவு மாமூல் என்று குறித்து வைத்திருந்த ஏடு சிக்கியதாகச் செய்தி வந்தது. அமைச்சர், காவல்துறை உயர் அதிகாரிகள் வரை பெயர் அடிபட்டது. சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜெ. அன்பழகன் தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. தடைக்கு நான் எதிரி அல்ல. தடை இருக்க வேண்டும். ஆனால் தடை என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால், அது மாமூலின் விலையை ஏற்றும் கருவியாகி விடுகிறது.

நான்காவது வாசல், கடத்தல். படம் இல்லாத வெளிநாட்டுச் சிகரெட் துறைமுகக் கன்டெய்னரிலும் விமானப் பெட்டியிலும் வந்து பிடிபடுவதைப் பத்திரிகையில் படிக்கிறோம். பிடிபடுபவன் யார்? பெரும்பாலும் சொந்தக்காரன் அல்ல, குருவி. டிக்கெட்டும் கொஞ்சம் கைச்செலவும் கொடுத்து அனுப்பப்பட்ட ஏழை வீட்டுப் பையன். சரக்குப் போனால் வியாபாரிக்கு நஷ்டம், பாஸ்போர்ட்டில் கறை விழுந்தால் பையனுக்கு வாழ்க்கை நஷ்டம். இதற்கு நேர்மாறாக, இலங்கையில் பீடி இலைக்கு இறக்குமதி வரி அதிகம் என்பதால் தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைகளிலிருந்து படகில் பீடி இலை மூட்டைகள் மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் போகின்றன. இரு நாட்டுக் கடற்படையினரும் பிடித்துக் கொண்டே இருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் இதைக் காட்டி 'வரியைக் குறையுங்கள்' என்கிறார்கள். தங்கமும் கடத்தப்படுகிறது, அதற்காகச் சுங்கச் சாவடியை மூடி விட்டோமா?

மார்க்கம் என்ன சொல்கிறது?

சில வணிகச் சகோதரர்கள் ஒரு ஹதீஸைச் சொல்வார்கள். மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று தோழர்கள் கேட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்து விட்டார்கள். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்தான் என்றும், எவருக்கும் அநீதி செய்தவனாக நான் அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றும் விளக்கினார்கள். அனஸ் (ரலி) அறிவிப்பாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. 'ஆகவே வியாபாரத்தில் யாரும் தலையிடக் கூடாது' என்று இவர்கள் முடிக்கிறார்கள்.

அந்த ஹதீஸ் எதைப் பற்றியது? மக்கள் உண்ணும் உணவைப் பற்றியது. வரத்துக் குறைந்ததால் தானாக ஏறிய விலையைப் பற்றியது. நேர்மையான வியாபாரியின் கையைக் கட்டக் கூடாது என்பது அதன் கருத்து. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கடைத்தெருவில் ஹாதிப் பின் அபீபல்தஆ (ரலி) உலர்ந்த திராட்சை விற்றுக் கொண்டிருந்ததைக் கண்டு, ஒன்று விலையை உயர்த்தும், இல்லையேல் நம் சந்தையை விட்டுப் போய்விடும் என்ற பொருளில் கூறியது இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. மலிவாக விற்பதால்கூடச் சந்தைக்குக் கேடு வரும் என்று கண்ட இடத்தில் உமர் (ரலி) தலையிட்டார்கள். வணிகர்களின் செயலால் மக்களுக்குத் தீங்கு வரும்போது ஆட்சியாளர் விலையில் தலையிடலாம் என்பதை இப்னு தைமிய்யா அவர்கள் தமது ஹிஸ்பா நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். திராட்சைக்கே இப்படியென்றால், விற்பவனுக்கும் தெரிந்த நஞ்சுக்கு எப்படி?

புகையிலை ஹராமா, மக்ரூஹா என்று அந்தக் காலத்து உலமாக்கள் கருத்து வேறுபட்டார்கள். இலை நமக்கு வந்ததே அமெரிக்காவிலிருந்து, கடந்த ஐந்நூறு ஆண்டுக்குள்தான். அன்று அதன் கேடு முழுமையாகத் தெரியாது. இன்று நம் நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதனால் சாகிறார்கள் என்பது அரசாங்கமே சொல்லும் கணக்கு. நம்மை நாமே அழிவில் தள்ளிக் கொள்ளக் கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 195-ஆம் வசனத்தில் இறைவன் தடுக்கிறான். இதற்குப் பிறகும் மக்ரூஹ் என்ற சொல்லுக்குள் ஒதுங்கி நின்று தம் அடிப்பவரை என்ன சொல்வது! பச்சை வெங்காயம் தின்றவரையே பள்ளிக்கு வராதீர் என்று சொன்ன மார்க்கம் இது. ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையின் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், ஃபத்வா கேட்கத் தோன்றாது.

மது விஷயத்தில் குடிப்பவரை மட்டுமல்ல, பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் எனப் பத்துப் பேரை நபிகள் நாயகம் (ஸல்) சபித்தார்கள். புகையிலையும் மதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கேட்டைச் சங்கிலியாகப் பார்க்க வேண்டும் என்று அதிலிருந்து கற்றுக் கொள்ளலாம் அல்லவா? நான்கு வாசல்கள் சொன்னேன். நான்கிலும் நிற்பவர் யார்? சில்லறை பிரித்துக் கொடுப்பவர் கடைக்காரர். பீடி எடுத்துக் கொடுப்பவர் கடைக்காரர். மேசைக்குக் கீழிருந்து ஹான்ஸ் எடுப்பவர் கடைக்காரர். கடத்தல் பெட்டியை நம்பிக்கையான கைக்கு மட்டும் தருபவரும் அவரே. அரசாங்கம் வைப்பது பாதி விலைதான், மீதி விலையை வைப்பது நீங்கள்! மற்ற சமுதாயத்துச் சின்னப் பையன் உங்களை 'பாய்' என்று கூப்பிடுகிறான். சகோதரன் என்று பொருள். 'பாய், ஒரு ஹான்ஸ்' என்று அவன் கேட்கும்போது அந்தச் சொல் உங்களைச் சுடவில்லையா?

பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, கல்விக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். இன்னொன்று, வரி உயரும் என்ற செய்தி வந்தவுடன் பழைய சரக்கைப் பதுக்கி, பழைய விலை அச்சிட்ட பெட்டியைப் புது விலைக்கு விற்பது. அச்சிட்டதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். பதுக்கலைப் பற்றி மார்க்கம் சொல்வது உங்களுக்கே தெரியும்.

'சிகரெட் வைக்காவிட்டால் டீக்கு ஆள் வராது ஹஸ்ரத்' என்பீர்கள். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கடை வாடகை உங்களுக்கு, எனக்கல்ல. ஆனால் ஒரு சரித்திரம் கேளுங்கள். 1890-இல் ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா, நாட்டின் புகையிலை வியாபாரம் முழுவதையும் ஒரு ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்து விட்டார். விலையை வைப்பதும் அந்நியக் கம்பெனி, வாங்குவதும் அதுவே. 1891 டிசம்பரில் மீர்ஸா ஷீராஸி என்ற மார்க்க அறிஞரின் பெயரில் ஃபத்வா வந்தது: இனி புகையிலை கூடாது. கடைத்தெருக்கள் அடைத்தன. ஹுக்கா ஊதியவர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள். அரண்மனைப் பெண்களே நிறுத்தி விட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். 1892 ஜனவரியில் மன்னர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அவர்கள் ஷியாக்கள் அல்லவா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு தேசமே ஒரு மாதம் புகையை விட முடிந்தது என்பதுதான் இங்கே விஷயம். அங்கே முதலில் கதவை இழுத்தவர்கள் வணிகர்கள்.

இளைஞர்களே, இனி உங்களிடம். ஒரு சிகரெட் பத்து ரூபாய் என்றே வைத்துக் கொள்வோம். நாளைக்குப் பத்து பிடித்தால் ஆண்டுக்கு 36,500 ரூபாய். உங்கள் தங்கையின் கல்லூரிக் கட்டணம் அது. 'விட முடியவில்லை' என்கிறீர்களா? ரமளானில் சஹரிலிருந்து மஃக்ரிப் வரை பதிமூன்று, பதினான்கு மணி நேரம் விட்டிருக்கிறீர்களே! நிகோடின் உடம்பில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம் போதும். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சம். நோன்பு வைத்தவன் அதில் ஒரு பகுதியைப் பகலிலேயே கடந்து விடுகிறான். பிறகு பேரீச்சம் பழம் வாயில் இருக்கும்போதே பள்ளி வாசலுக்கு வெளியே பற்ற வைக்கிறான்! அந்த இரவையும் தாண்டி விட்டால் பாதி வேலை முடிந்தது. தனியாக முடியாதவர்கள் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம். மருந்துக் கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது, மருத்துவரைக் கேட்டு அதை வைத்துக் குறைக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மின்சாரச் சிகரெட்டுக்கு மாறினால் பாதுகாப்பு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 2019-இலேயே நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள் அது. ஐந்தாவது வாசலைத் திறந்து கொள்ள வேண்டாம்.

கடைக்காரச் சகோதரர்களிடம் நான் இன்றே கடையைக் காலி செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ஹான்ஸ், கூல் லிப், மாவா மூன்றும் இன்றிரவே வெளியேற வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. சிகரெட்டும் பீடியும் வைத்திருப்பவர்கள் ஒரு மாதம் தனி நோட்டில் கணக்கு எழுதுங்கள். புகையிலைக்குப் போட்ட முதல் எவ்வளவு, வந்த லாபம் எவ்வளவு, கடனாகப் போய் வராமல் நின்றது எவ்வளவு, பெட்டியில் தங்கிய டீ, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் லாபம் எவ்வளவு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். கடையின் பெயர் எழுத வேண்டாம், தொகை மட்டும் போதும். புகையிலையை எடுத்து விட்டால் எந்தக் கடைக்கு எவ்வளவு பள்ளம் விழும் என்று எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். அந்தப் பள்ளத்தை நிரப்ப முதலில் வட்டியில்லாக் கடன் யாருக்குத் தர வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.